அரை மாத்திரை

பாலக்கோட்டில், தக்காளி மண்டிக்கு மேலே
சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டிய அறை என்னுடையது.
எந்தக் கட்சி ஆட்டோவுக்கும் குரல் நான்தான்.
"உங்கள் பொன்னான வாக்குகளை" என்று
ஒரே நாளில் மூன்று பேருக்குக் கேட்டிருக்கிறேன்,
இடையில் ஒரு டீ.

இந்த முறை வந்த வேலை வேறு.
துணை வட்டாட்சியர் ஒரு தாள் நீட்டினார்:
பார்வையற்ற வாக்காளர்களுக்கு ஒலி வழிகாட்டி.
நான்கு நிமிடம். இனிய குரல். பின்னணி இசை.
வீணை போட்டேன்.

கேட்டுச் சொல்ல மாதேஸ்வரி வந்தார்,
சர்க்கரை ஆலையில் தொலைபேசி இயக்குபவர்.
"பதினேழு படி. ஒன்பதாவது உடைஞ்சிருக்குது, பாருங்க."
மூன்று வருடமாக மிதிக்கிறேன்.

ஓடவிட்டேன்.
நீல நிறப் பொத்தானை அழுத்தவும்.
"நீலம் எந்தப் பக்கம்?"
நிறுத்தினேன்.
"வீணை எதுக்கு, யாருக்காச்சும் கல்யாணமா?"
எடுத்துவிட்டேன்.
"நீங்க பேசிக்கிட்டே போறீங்க. கை தேட வேணாமா?
விரல் நடக்கிற வேகத்துல பேசுங்க."

போன தேர்தலில் துணைக்குப் போனவர்
நாத்தனாரின் கணவர்.
"மை என் விரல்ல. அழுத்துனது அவர் விரல்.
எதை அழுத்துனார்னு
அவர் சொன்னதுதான் எனக்குத் தெரியும்."
சொல்லிவிட்டுத் தண்ணீர் கேட்டார்.

தாளைத் திருப்பிப் பின்பக்கம் எழுதினோம்.
வலது ஓரத்தை மேலிருந்து தடவுங்கள்.
(இங்கே நான்கு மூச்சு.)
புடைத்த புள்ளிகள் தட்டுப்படும். அது எண்.
(இரண்டு மூச்சு.)
எண்ணை ஒட்டியே பொத்தான்.
அழுத்தினால் நீளமாக ஒரு ஒலி வரும்.
அது ஓயும்வரை அங்கேயே நில்லுங்கள்,
யார் கூப்பிட்டாலும்.

பிறகு வேட்பாளர் பெயர்கள். பதினைந்து, கடைசியில் நோட்டா.
வாசித்து முடித்தேன்.
"பதினொண்ணு" என்றார்.
பதினொன்றுக்கு என்ன?
"அந்தப் பேர்ல மட்டும் குரல் கொஞ்சம் சாயுது.
நீங்க அங்கதான் போடுவீங்க."

என் மனைவிக்குக்கூடத் தெரியாது அது.
மெய்யெழுத்துக்கு அரை மாத்திரை
என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன்.
அந்த அரை மாத்திரை நேரத்தில் என் ஓட்டு
கொடியில் காயப்போட்ட வேட்டிபோல
ஊர் பார்க்கத் தொங்கிக்கொண்டிருந்தது.

திரும்ப வாசித்தேன்.
"இப்ப பதினொண்ணை அமுக்குறீங்க. அதுவும் கேக்குது."
திரும்ப.
"எட்டுக்காரர் மேல என்ன கோவம்?"

அவர் கடைசி பஸ்ஸுக்குப் போனபின்
தனியாக உட்கார்ந்து வாசித்தேன்.
கீழிருந்து மேலாக, நடுவிலிருந்து இரண்டு பக்கமும்,
ரேஷன் கார்டு எண்போல, மழை அளவுபோல.
விடிகாலை நான்கு மணி, தக்காளி லாரிகள் வந்துவிட்டன,
கண் சொருகியது. அப்போது வாசித்ததுதான் சரியாக இருந்தது.
தூக்கத்துக்குக் கட்சி இல்லை.

மிச்சம் இருந்தது கண்ணாடிப் பெட்டி.
ஓட்டுச் சீட்டு ஏழு விநாடி தெரிந்துவிட்டு விழும்.
"அதைச் சொல்ல வேண்டாம்" என்றார் துணை வட்டாட்சியர்.
"அவங்களால பாக்க முடியாதே. மனசு கஷ்டப்படும்."
மாதேஸ்வரி அவர் பக்கம் திரும்பவில்லை.
என்னிடம்தான் சொன்னார்:
"போடுங்க. எனக்கு எது கிடைக்கலைன்னு
எனக்குத் தெரியணும்."

ஆகவே கடைசி நிமிடத்தில் அது இருக்கிறது:
இப்போது ஒரு சீட்டு கண்ணாடிக்குப் பின்னால் தெரிகிறது.
உங்களுக்கு அதைக் காட்ட இன்னும் வழி செய்யவில்லை.
அதன்பின் ஏழு விநாடி பேச்சில்லை.
கூர்ந்து கேட்டால், கீழே யாரோ
ஒரு கூடையை இறக்கி வைப்பது கேட்கும்.
வெட்டலாம். வெட்டவில்லை.

வாக்குப்பதிவு நாளில், அரசுப் பள்ளி வாசலில்
அவர் தனியாகத்தான் வெளியே வந்தார்.
"ஒலி வந்துச்சு. ஓயற வரைக்கும் நின்னேன்.
வெயில் இப்பவே இப்படி அடிக்குதே" என்றார்.

காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன்,
முப்பது வருடம் குரல் விற்றவன்.
எந்த எழுத்திலும்
ஒன்றும் சாயவில்லை.

"அந்த ஒன்பதாவது படி?" என்றார்.